சாயங்காலம் ஸ்கூல் கேட்டைப் பூட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தண்டையார்பேட்டை பக்கம் ஹவுசிங் போர்டுல குடியிருக்கேன். பகல்ல தையல் மெஷின், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எங்க பிளாக் மொட்டை மாடியில பிள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக் குடுக்கறது, பத்து பன்னெண்டு வருஷமா இப்படித்தான் போகுது. வருஷா வருஷம் மே மாசம் ரிசல்ட் வந்ததும் எந்த மாவட்டம் முதலிடம், எந்த மாவட்டம் கடைசின்னு பேப்பர்ல பட்டியல் வரும், நானும் ஒரு வரி விடாம படிப்பேன். அத வச்சுட்டு வட சென்னை பசங்க ஏன் பின்தங்கறாங்கன்னு டீவில பேசறவங்க எல்லாரும் பத்தாவதுலயும் பன்னெண்டாவதுலயும் போய் காரணம் தேடறாங்க. தப்பு அங்க நடக்கலீங்க. அது மூணாவது நாலாவதுலயே நடந்து முடிஞ்சுடுது, பத்தாவதுல தான் வெளிய தெரியுது. அத பத்தியும், அதுக்காக சாயங்காலம் கார்ப்பரேஷன் ஸ்கூல தொறந்து வைக்கணும்னு கேட்டும் தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போனாலும் தயவு செஞ்சு போடுங்க.

போன வருஷம் ஒரு பையன் வந்தான், ஏழாவது படிக்கறவன். அவங்க அம்மா காசிமேட்டுல மீன் எடுத்து தெருவுல வித்துட்டு வர்றவங்க, "இவன் இன்னா படிக்கறான்னே தெரியலக்கா, நீயே பாத்துக்கோ"ன்னு விட்டுட்டு போயிட்டாங்க. தமிழ் புக்க தொறந்து குடுத்து படிடான்னேன். கடகடன்னு ஒரு பக்கம் படிச்சான், ஒரு இடத்துல கூட திக்கல. பரவால்லயேன்னு நினைச்சேன், அப்புறம் பாத்தா அவன் கண்ணு புக்குல இல்ல, என் மூஞ்சில இருக்கு. எனக்கு திக்குனு ஆச்சு. புக்க வாங்கி நடுவுல ஒரே ஒரு வார்த்தைய மட்டும் விட்டுட்டு மீதிய ரெண்டு கையாலயும் மறைச்சு இது இன்னாடான்னு கேட்டேன். 'மழை'. அவ்ளோ தான் அந்த வார்த்தை. "ம"ன்னான். அப்புறம் அந்த இணைக்கொம்பையே பாத்துட்டு இருந்தான், பாத்துட்டே இருந்தான், காது மடல் ரெண்டும் செவந்து போச்சு. பக்கத்துல உக்கார்ற பையன் சத்தமா படிக்கறத கேட்டு கேட்டு முழு பாடத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான், ஒரு பாடம் இல்ல, அந்த பருவத்துல வர்ற பாதி புக்கு அவன் வாயில இருந்துச்சு, எழுத்து மட்டும் தெரியல.

இவன போய் மக்குன்னு யார் சொல்ல முடியும்? ஒரு தடவை அவங்க அம்மாக்கு உடம்பு முடியாதப்ப இவனே கூடைக்கு பக்கத்துல உக்காந்து வியாபாரம் பண்ணான், நான் நின்னு பாத்தேன். முக்கா கிலோ சங்கரா, அரை கிலோ நெத்திலி, ரெண்டும் சேத்து இவ்ளோ, ஐநூறு ரூபா நோட்டுக்கு மீதி இவ்ளோன்னு, நான் மனசுல கூட்டி முடிக்கறதுக்குள்ள சில்லறைய எண்ணி குடுத்துட்டான். அதே முக்காவ நோட்டுல மேல 3 கீழ 4ன்னு எழுதி காட்டினா இது இன்னாதுன்னு கேக்கறான்.

இவன் எப்படி ஏழாவது வரைக்கும் வந்தான்னு கேப்பீங்க. 2020 மார்ச்சுல ஸ்கூல மூடினாங்க, ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் திருப்பி தொறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அ ஆ இ ஈ கத்துக்க வேண்டிய வயசுல ஒன்றரை வருஷத்துக்கு மேல ஸ்கூல் வாசலையே பாக்காத பிள்ளைங்க தான் இப்ப மிடில் ஸ்கூல்ல உக்காந்து இருக்காங்க. வசதியான வீட்டுல அப்பாவோ அம்மாவோ கூட உக்காந்தாங்க, ஆளுக்கு ஒரு போன் இருந்துச்சு. எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா கூட வேலைக்கு போயிடும். தொறந்த பிறகு பிள்ளை மூணாவதுல உக்காந்துச்சு, ஆனா தெரிஞ்சது எல்கேஜி பாடம். மூணாவது டீச்சருக்கு மூணாவது பாடத்த முடிக்கணும், நாலாவது டீச்சருக்கு நாலாவத முடிக்கணும். நான் டீச்சருங்கள குத்தம் சொல்லல, ஒரு கிளாஸ்ல நாப்பது பிள்ளைய வச்சுகிட்டு, நடுவுல எமிஸ்னு கல்வித் துறை வெப்சைட்ல டேட்டா ஏத்தற வேலையும் பாத்துகிட்டு அவங்களும் எவ்ளோ தான் பண்ணுவாங்க. பாடம் பஸ் மாதிரி போயிட்டே இருக்கு, தவற விட்ட பிள்ளைக்கு எந்த ஸ்டாப்புலயும் அது நிக்கல.

உடனே சில பேர் எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ் போடறது தான் காரணம், பழையபடி ஃபெயில் போட்டா தானா படிப்பாங்கன்னு சொல்லுவாங்க. எங்க அண்ணன அஞ்சாவதுல ரெண்டு தடவை ஃபெயில் போட்டாங்க. மூணாவது தடவை அவன் ஸ்கூலுக்கே போகல, லேத் பட்டறையில சேந்துட்டான், இன்னிக்கு வரைக்கும் பேங்க்ல ஒரு ஃபாரம் எழுதணும்னா என்ன தான் கூப்பிடறான். ஃபெயில் போட்டதுல யாருக்கும் படிப்பு வந்ததா நான் பாக்கல, பிள்ளை வெளிய போனத தான் பாத்திருக்கேன்.

இன்னொண்ணும் சொல்லணும். ஒம்பதாவதுல இந்த மாதிரி பிள்ளைங்கள சில ஸ்கூல்ல எப்படி நடத்தறாங்கன்னு. என்கிட்ட படிச்ச ஒரு பொண்ணோட அம்மாவ ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டு, உன் பொண்ணு பத்தாவது தேற மாட்டா, எங்க பாஸ் பர்சென்டேஜ் போயிடும், டிசி வாங்கிட்டு போய் பிரைவேட்டா எழுத வைன்னு சொல்லிட்டாங்க. அந்தம்மா கையெழுத்து போட்டு குடுத்துட்டு வந்துட்டாங்க, அது இன்னா பேப்பர்னு கூட அவங்களுக்கு தெரியாது. நான் போய் பேசறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. நூறு சதவீத தேர்ச்சின்னு ஸ்கூல் வாசல்ல பேனர் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த பொண்ணு மூஞ்சி தான் வரும். அவ இப்ப எக்ஸ்போர்ட் கம்பெனில நூல் வெட்டறா.

சரி, அந்த பையன் கதைக்கு வரேன். ஏழாவது புக்க மூடி வச்சுட்டேன். ஒண்ணாவது எழுத்துல இருந்து ஆரம்பிக்கணும், ஆனா சின்ன பிள்ளைங்க கூட உக்கார சொன்னா அவனுக்கு அவமானமா இருக்கும், மறுநாளே வர மாட்டான். அதனால ஒண்ணாவது படிக்கற ஒரு குட்டிப் பொண்ண காட்டி, இவளுக்கு தினம் அஞ்சு எழுத்து நீ சொல்லிக் குடுன்னு பொறுப்ப குடுத்தேன். நாளைக்கு சொல்லிக் குடுக்கணும்னா இன்னிக்கு நைட்டே அவன் தெரிஞ்சுக்கணும்ல, அதனால எல்லாரும் போன பிறகு கால் மணி நேரம் நின்னு என்கிட்ட கேட்டுட்டு போவான். கை மேல எழுதிட்டு போவான், பால்பாயிண்ட் பேனால. மூணு மாசம். ஒரு நாள் ரேஷன் கடைக்கு அவங்க அம்மா கூட போனவன், போர்டுல எழுதி இருக்கறத ஒவ்வொரு வரியா சத்தமா படிச்சானாம். அந்தம்மா அங்க இருந்து நேரா என் வீட்டுக்கு வந்து வாசப்படில உக்காந்து அழுதுச்சு. ஆனா இப்பவும் அவன் எட்டாவது பாடத்துக்கு எட்டல, அத மறைக்க விரும்பல. நாலாவது அஞ்சாவது அளவுக்கு வந்திருக்கான். இன்னும் ரெண்டு வருஷம் யாராவது விடாம கூட உக்காந்தா கரை சேந்துடுவான்.

இது நான் கண்டுபிடிச்ச வித்தை ஒண்ணும் இல்ல. மும்பைல குடிசைப் பகுதிங்கள்ல ஆரம்பிச்ச பிரதம் அமைப்பு, அந்தந்த ஏரியால படிச்ச இளம் பெண்களையே சம்பளம் குடுத்து வச்சு, மூணாவது நாலாவதுல பின்தங்கின பிள்ளைங்கள தனியா கூட்டிட்டு போய் தினம் ரெண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லிக் குடுத்தாங்க, 'பால்சகி'ன்னு பேரு. அதுல பலன் இருக்கான்னு மும்பைலயும் வதோதராலயும் ஆராய்ச்சி பண்ணவங்கள்ல அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உண்டு, அவங்க ரெண்டு பேரும் தான் 2019ல பொருளாதார நோபல் வாங்கினவங்கள்ல இருக்காங்க. ரொம்ப பின்னாடி இருந்த பிள்ளைங்களுக்கு தான் அதுல பலன் அதிகமா இருந்துச்சு. வயச பாத்து உக்கார வைக்காம, இன்னா தெரியும்னு பாத்து அங்க இருந்து ஆரம்பிக்கணும், இவ்ளோ தான் விஷயம். நம்ம அரசாங்கத்துக்கும் இது தெரியாம இல்ல, 2022ல ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டமும் இதே எண்ணத்துல வந்தது தான்.

2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி வந்தப்ப எனக்கு வந்த சந்தோஷத்த சொல்லி மாளாது. தினம் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், தெருவுல படிச்ச பொண்ணுங்களே சொல்லிக் குடுக்கணும், மாசம் 1000 ரூபா. எங்க தெருவ சுத்தி மூணு சென்டர் நடந்துச்சு, நானும் ஒண்ணு எடுத்தேன். பசங்க தாயம், பரமபதம் வச்சு கூட்டல் கழித்தல் கத்துகிட்டாங்க. இப்ப மூணுல ஒண்ணு கூட இல்ல. ஒரு பொண்ணு கல்யாணம் ஆகி போயிட்டா, இன்னொருத்தி மாசம் 1000 ரூபாய வச்சு இன்னா பண்றதுன்னு ஜவுளிக்கடை வேலைக்கு போயிட்டா, அவள எப்படி குத்தம் சொல்றது. நான் மட்டும் பழையபடி மாடிக்கு போயிட்டேன்.

வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு எங்க பிள்ளைங்களோட ஒரு நாள் எப்படி போகுதுன்னு தெரியாது. மீன் வியாபாரம் பண்ற அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஹார்பருக்கு போயிடும். ஏழாவது எட்டாவது படிக்கற பொண்ணு தான் வூட்ல பெரிய மனுஷி. காலைல தண்ணி லாரி வந்தா குடத்த தூக்கிட்டு வரிசைல நிக்கணும், லாரி எட்டரைக்கு வந்தா எட்டரைக்கு தான் நிக்க முடியும், தம்பிய கிளப்பி, தலை சீவி, ஸ்கூலுக்கு போய் சேரும்போது பிரேயர் முடிஞ்சிருக்கும். லேட்டா வந்ததுக்கு வெளிய நிக்க வைப்பாங்க. முதல் பீரியட் போச்சு. முதல் பீரியட் எப்பவும் கணக்கு. ஒரு வருஷத்துல எத்தன கணக்கு பீரியட் இப்படி ஒரு பிளாஸ்டிக் குடத்துக்காக போகுதுன்னு யாராச்சும் கூட்டி பாத்திருப்பாங்களா?

அடுத்தது மீன்பிடி தடை. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போகாது. மீன் பெருகணும்னு தான் இந்த தடை, எங்க ஆளுங்களும் ஏத்துகிட்டாங்க. ஆனா ஸ்கூல் தொறக்கறது ஜூன்ல. நோட்டு, ஷூ, வேன் காசு, தனியார் ஸ்கூலா இருந்தா ஃபீஸ், எல்லாமே வருமானம் சுத்தமா நின்ன நேரத்துல வந்து நிக்கும். வட்டிக்கு வாங்குவாங்க, இல்லன்னா பெரியவன ஒரு வருஷம் வேலைக்கு போடான்னு சொல்லுவாங்க. அந்த ஒரு வருஷம் போனவன் திரும்பி வந்தத நான் பாத்ததே இல்ல. ஸ்கூல் லீவும் அந்த ரெண்டு மாசத்துக்குள்ள தான் வருது, சும்மா இருக்கற அந்த நாள்ல கொஞ்ச நஞ்சம் கத்துகிட்டதும் மறந்து போயிடுது. அதனால தான் மே மாசத்துலயும் கிளாஸ் நடத்தணும்னு கேக்கறேன், வெயில்ல பிள்ளைய வதைக்கறதுக்கு இல்ல.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க தரைத்தளத்துல இடுப்பளவு தண்ணி. வடிஞ்ச பிறகு பாத்தா துணி காயப் போடற கொடில துணிக்கு பதிலா புக்கு தொங்குது, வரிசையா, ஒவ்வொரு பக்கமா பிரிச்சு கிளிப்பு மாட்டி. அரையாண்டு பரீட்சைய தள்ளி வச்சாங்க, புது புக்கும் தர்றோம்னாங்க, அதெல்லாம் நல்லது தான். ஆனா கையால எழுதின நோட்டு, கைடு, ஃபார்முலா ஒட்டி வச்ச சுவரு, அது திரும்பி வராது. அதே தண்ணில எண்ணூர் பக்கம் எண்ணெயும் கலந்து வந்து வலையும் படகும் நாசமா போச்சு, அந்த வூட்டு பிள்ளைங்க எந்த மனசோட பரீட்சை எழுதிருக்கும்.

இப்ப நான் கேக்க வந்த விஷயத்துக்கு வரேன். எங்க வீடு பத்துக்கு பன்னெண்டு. அதுல ஆயா படுக்கணும், டீவி ஓடணும், அடுப்பு எரியணும், அப்பா குடிச்சுட்டு வந்தா அதுவும் அதே ரூமு தான். படிக்கற பிள்ளை படிக்கட்டுல டியூப்லைட்டுக்கு கீழ உக்காந்து படிக்கும், யாராவது ஏறி இறங்கும்போதெல்லாம் புக்க தூக்கிட்டு எழுந்திருக்கும். என் மாடி கிளாஸ் மழை வந்தா கிடையாது, அக்டோபர் நவம்பர் டிசம்பர் மூணு மாசம் பாதி நாள் போயிடும். மழை இல்லாத நாள்ல கொசு. இங்க இருந்து ஒரு சந்து தாண்டினா கார்ப்பரேஷன் ஸ்கூல். பெஞ்சு இருக்கு, ஃபேன் இருக்கு, லைட் இருக்கு, பாத்ரூம் இருக்கு, குடிக்கற தண்ணி இருக்கு. அஞ்சு மணிக்கு பூட்டிடறாங்க. மாடி மேல நின்னு பாத்தா இருட்டுல அந்த கட்டடம் தெரியும், இங்க முப்பது பிள்ளைங்க ஒரு எல்இடி பல்புக்கு கீழ தலைய முட்டிகிட்டு உக்காந்து இருக்கும்.

அந்த கேட்டை ராத்திரி எட்டு மணி வரைக்கும் தொறந்து வைங்க. இது தான் என் கோரிக்கை.

புதுசா கட்டடம் கேக்கல. கொளத்தூர்ல 2024 நவம்பர்ல முதல்வர் படைப்பகம்னு ஒண்ணு தொறந்தாங்க, பசங்க உக்காந்து படிக்கற மாதிரி இடம், ரொம்ப நல்ல விஷயம், போய் பாத்துட்டு வந்தேன். ஆனா காசிமேட்டுல இருந்து பத்து வயசு பிள்ளை பஸ் ஏறி அங்க போக முடியாது. சின்ன பிள்ளைக்கு இடம் நடந்து போற தூரத்துல இருக்கணும், அம்மா கூப்பிட்டா கேக்கற தூரத்துல. அது கார்ப்பரேஷன் ஸ்கூல் தான், வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, ராயபுரம் எங்க எடுத்தாலும் ஒரு கார்ப்பரேஷன் ஸ்கூல் கிட்டவே இருக்கு. பாதுகாப்புக்கு யாரு, சாவி யார்கிட்ட இருக்கும், கரண்ட் பில்லு யார் கட்டறதுன்னு கேள்வி வரும், நியாயமான கேள்வி தான். பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஏற்கனவே இருக்கு, அதுல தலைவரா இருக்கறதே அந்த ஸ்கூல்ல படிக்கற பிள்ளையோட அம்மா. தினம் ரெண்டு அம்மா வந்து வாசல்ல உக்காருவாங்க, எங்க பிளாக்ல கேட்டேன், இருபது பேர் உடனே பேர் குடுத்தாங்க.

சொல்லிக் குடுக்கற பொண்ணுங்களுக்கு ஒழுங்கான சம்பளம் குடுங்க. சேவைன்னு சொல்லி 1000 ரூபாய்ல முடிக்காதீங்க, ஆள் நிக்காது, ஆள் நிக்கலன்னா பிள்ளை ஒட்டாது. வியாசர்பாடி அம்பேத்கர் காலேஜ்லயும் பாரதி காலேஜ்லயும் படிக்கற பொண்ணுங்களும் பசங்களும் எத்தன பேர் பார்ட் டைம் வேலை தேடி பைக்ல சாப்பாடு டெலிவரி பண்ணிட்டு இருக்காங்க, அவங்களுக்கு இந்த வேலைய குடுத்தா ரெண்டு வூட்ல விளக்கு எரியும். காசு எங்க இருக்குன்னா, இங்கிலாந்துல 2011ல இருந்து ஒரு முறை வச்சிருக்காங்க, இலவச சாப்பாட்டுக்கு தகுதியான ஏழைப் பிள்ளைங்க ஒரு ஸ்கூல்ல எத்தன பேரோ அந்த தலைக்கணக்குக்கு ஏத்த மாதிரி அந்த ஸ்கூலுக்கு கூடுதல் பணம் போகும். நம்ம ஊர்லயும் எந்த ஸ்கூல்ல பிள்ளைங்க ரொம்ப கஷ்டத்துல இருந்து வருதுன்னு அந்தந்த ஹெச்எம்ம கேட்டாலே சொல்லிடுவாங்க. வட சென்னை வளர்ச்சித் திட்டம்னு 2023 பட்ஜெட்ல 1000 கோடில அறிவிச்சாங்க, அப்புறம் அந்த தொகை பல மடங்கு ஏறுச்சு. ரோடு வேணும், கால்வாய் வேணும், பஸ் ஸ்டாண்டு வேணும், எல்லாம் வேணும். அதுல ஒரு துளி சாயங்கால லைட்டுக்கும் சம்பளத்துக்கும் போகட்டுமே.

முதல்ல எந்த பிள்ளைக்கு எழுத்து தெரியல, எந்த பிள்ளைக்கு தெரியும்னு ஒரு கணக்கு எடுங்க. நாடு முழுக்க அசர்னு ஒரு சர்வே பண்றாங்க, வீடு வீடா போய் ரெண்டாங்கிளாஸ் பாடத்த கையில குடுத்து படிக்க சொல்லி பாப்பாங்க. ஆனா அது கிராமத்துக்கு மட்டும் தான். சென்னையோட பேர் பெருசுன்றதால எங்க பிள்ளைங்க அந்த கணக்குலயே வர்றதில்ல. வார்டுக்கு வார்டு ஒரு வாரத்துல பாத்துடலாம், ஒரு பிள்ளைக்கு அஞ்சு நிமிஷம், ஒரு பக்கம் பேப்பர். நான் என் மாடில ஜூன் மாசம் அப்படி தான் பாக்கறேன். இந்த வருஷம் ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் பதினாலு பேர் சேந்தாங்க, அதுல ஒம்பது பேருக்கு ரெண்டாவது பாடம் தடுமாற்றம்.

முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. 1920ல இதே மெட்ராஸ் கார்ப்பரேஷன் தான் ஆயிரம் விளக்கு ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு மத்தியானம் சாப்பாடு போட்டு பாத்துச்சு, அப்ப கார்ப்பரேஷன் தலைவரா இருந்தவர் பிட்டி தியாகராயர், எங்க வண்ணாரப்பேட்டைல வாழ்ந்தவர். பசியோட வர்ற பிள்ளைக்கு பாடம் ஏறாதுன்னு புரிஞ்சுகிட்டாங்க. அப்புறம் 1956ல காமராஜர், 1982ல எம்ஜிஆர், 2022ல காலை நாஷ்டாவும் வந்துச்சு. நாஷ்டா வந்த பிறகு என்கிட்ட வர்ற ஒண்ணாவது ரெண்டாவது பிள்ளைங்க, மிஸ்ஸு இன்னிக்கு பொங்கல்னு சொல்லிட்டு தான் பைய இறக்குது, காலைல ஸ்கூலுக்கு அழுவற பிள்ளை குறைஞ்சிருக்கு, நானே பாக்கறேன். நான் படிச்ச பாரதி மகளிர் கல்லூரில தான் 2022 செப்டம்பர் 5ஆம் தேதி புதுமைப் பெண் திட்டத்த ஆரம்பிச்சாங்க, அரசுப் பள்ளில படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் 1000 ரூபா. 2020ல மருத்துவத்துல அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்துச்சு, அடுத்த வருஷமே இன்ஜினியரிங்குக்கும் வந்துச்சு. எல்லாம் கைதட்ட வேண்டிய விஷயம். ஆனா இந்த ஏணி எல்லாம் பன்னெண்டாவதுக்கு மேல தான் சாத்தி இருக்கு. மூணாவதுல விழுந்த பிள்ளை அந்த ஏணி பக்கமே வராது.

இத படிக்கற கவுன்சிலரோ கார்ப்பரேஷன் கல்வித் துறை அதிகாரியோ யாரா இருந்தாலும் ஒரு நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்க பக்கம் வாங்க. லிஃப்ட் வேலை செய்யாது, நாலு மாடி ஏறணும். அந்த பையன் இப்ப குட்டிப் பொண்ணுக்கு கூட்டெழுத்து சொல்லிக் குடுத்துட்டு இருக்கான், அவன்கிட்ட ஒரு புக்க குடுத்து நடுவுல எந்த வார்த்தைய வேணும்னாலும் தொட்டு கேளுங்க. அப்புறம் அப்படியே திரும்பி சுவத்துகிட்ட நின்னு கீழ அந்த பூட்டின ஸ்கூல பாருங்க.

இப்படிக்கு,
சாயங்கால வகுப்பு நடத்தும் ஒரு தையல்காரி,
தண்டையார்பேட்டை, சென்னை.